பப்பாளி சேர்க்காத கறி

கறி வேக எட்டு மணி நேரம் ஆகும் என்றார் அவர். அப்போது காலை ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மாலை ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூடியைத் திறக்கலாம். அதற்குள் அவரிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். இருபத்து மூன்று நாட்களாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

என் கணவர் ஏசுபாதம் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். கொரியக் காருக்குப் பாகங்கள் செய்யும் ஆர்டர் அந்தப் பட்டறைக்குக் கிடைத்ததும், நான்கு பேரை மூன்று மாதப் பயிற்சிக்குக் கொரியாவுக்கு அனுப்பினார்கள். அவர் மே மாதம் போனார். அன்று ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்கு மீனம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் பம்மலுக்கு வந்து இறங்கினார். குளித்த கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒன்றரைக் கிலோ பெரிய கறி வாங்கி வந்தார். எங்கள் பக்கத்தில் மாட்டிறைச்சியை அப்படித்தான் சொல்வோம்.

மேசை மேல் அந்தப் பாத்திரம் இருந்தது. வெளியே வெள்ளைத் தகரம், உள்ளே பழுப்புப் பீங்கான் பானை, கண்ணாடி மூடி. அவர் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் பழசைக் கொடுத்துவிட்டாளாம். கரண்டில் மெதுவாக வேகவைப்பது. குமிழைத் திருப்பினால் சின்னத் தீ, பெரிய தீ என்று இரண்டே நிலை.

"கஸ்டம்ஸ்காரன் இன்னாய்யா இதுன்னான். கறி ஆக்குற மிசின் சார்னேன். எத்தினி பேருக்குன்னு கேட்டான். ரெண்டரை பேருக்குன்னேன். சிரிச்சிட்டு வுட்டுட்டான்."

நானும் சிரித்தேன். சிரித்ததாகத்தான் நினைக்கிறேன்.

கொரிய பிளக் எங்கள் சாக்கெட்டில் ஆடியது. ஒரு தீக்குச்சியைப் பக்கத்தில் சொருகி இறுக்கினார். சமையல் குறிப்பை ஏதோ பாதுகாப்பு நோட்டீஸின் பின்பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருந்தார். கறியைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டு ரத்தத்தை எடுக்க வேண்டும். ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். பிறகு சோயா சாஸ், சர்க்கரை, பூண்டு, இஞ்சி, வறுத்த எள்ளின் எண்ணெய், துருவிய பேரிக்காய். எண்ணெய் பாட்டில் பெட்டிக்குள் கசிந்து கால்வாசிதான் மிஞ்சியிருந்தது. அவருடைய சட்டைகள் எல்லாம் வறுத்த எள் வாசம் அடித்தன.

பேரிக்காயை நான்தான் துருவினேன். வாங்கி வைக்கும்படி கடிதத்தில் எழுதியிருந்தார். முந்தின நாள் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் நான்கு வாங்கி வந்திருந்தேன்.

"நம்ம ஊர்ல கறி பஞ்சாட்டம் வேவறதுக்குப் பப்பாளிக்கா. அங்க பேரிக்கா. ஒனக்குன்னே செஞ்சாப்ல கீது பாரு," என்றார். "வயித்துல புள்ளய வெச்சிகினு பப்பாளி துண்ண முடியுமா?"

"ம்," என்றேன்.

"இன்னா டீச்சரு, எல்லாத்துக்கும் ம்முங்கிற? போன்லயும் இதே ம்முதான்."

நான் டீச்சர் இல்லை. பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அவர் கேலியாகக் கூப்பிடத் தொடங்கி, அதுவே என் பெயராகிவிட்டது.

போனில் சொன்ன ம்-மைப் பற்றி அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பதினொரு மணிக்குத் தெருமுனை டெலிபோன் பூத்துக்குக் கூப்பிடுவார். நிமிடத்துக்கு இவ்வளவு என்று பணம் போகும் என்பதால் கேள்வியைத் தயாராக வைத்திருப்பார். "ரெண்டு பேரும் நல்லாக் கீறீங்களா?" என்பதுதான் கேள்வி. முதல் இரண்டு மாதமும் ம் சொன்னது உண்மை. கடைசி மூன்று ஞாயிறுகளில் சொன்னது பொய். பூத்துக்குள் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர் குரல் ஒரு நொடி தாமதித்து வந்தது. அந்த ஒரு நொடிக்குள் வேறு சொல் எதுவும் எனக்கு வரவில்லை.

ஒன்பது ஆவதற்குள் பானையை மூடிவிட்டார். கண்ணாடி மூடி மெல்ல மங்கியது.

பத்து மணிக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே கறுப்பாகச் சருகு போல ஏதோ இருந்தது.

"கடல்பாசி. வூட்டுக்காரம்மா குடுத்துச்சி. புள்ள பெத்தவளுக்கு இதுலதான் சூப் வெச்சுத் தருவாங்களாம். மூணு வாரம் அதான் சாப்பாடு. ரத்தம் ஊறுமாம்."

"மூணு வாரமா?"

"ஆமா. அங்க இன்னொண்ணு கேளு. புள்ள பொறந்தவொடனே ஒரு வயசும்பாங்க. வயித்துல இருந்ததையும் கணக்குல சேத்துக்கிறாங்க. அப்டிப் பாத்தா நம்ம புள்ளைக்கு இப்பவே அஞ்சு மாசம் ஆவுது!"

உறையை வாங்கி அலமாரியின் மேல் தட்டில், பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். அவர் பார்க்கவில்லை. சட்டைகளை உதறிக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்குக் கிளியம்மாள் வந்தார். பக்கத்துப் போர்ஷன். கணவர் இறந்த பிறகு தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்து இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். என் அம்மா வேலூரில் இருக்கிறார். இங்கே எனக்கு எல்லாம் கிளியம்மாள்தான். ஏசுபாதம் அவரைப் பெரிம்மா என்று கூப்பிடுவார்.

"வா பெரிம்மா. இன்னா, இவள எலும்பும் தோலுமா வெச்சிகிறே? வயிறே தெரியல."

"தலைச்சன் புள்ளைன்னா அப்டித்தான்யா. எனக்கெல்லாம் ஏழு மாசம் வரிக்கும் யாருக்கும் தெரியல," என்றார் கிளியம்மாள், அவர் முகத்தைப் பார்க்காமல். பிறகு பின்கட்டுக்கு வந்து, குழாயடியில் என் கையைப் பிடித்தார். "இன்னும் சொல்லலியா?"

"சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன்."

"நான் சொல்லட்டா?"

"வேணாம்மா. நான்தான் சொல்லணும்."

"என்னிய வேற பொய் சொல்ல வெச்சிட்ட. என் வாயி ரொம்ப நேரம் தாங்காது பொண்ணே."

அவரை நான் குறை சொல்ல முடியாது. அந்த வெள்ளிக்கிழமை என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். ஸ்கேன் அறைக்குள் அவரை விடவில்லை. என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே டாக்டரம்மா அதுவரை என் பக்கமும் தெரியும்படி இருந்த திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு எனக்கு அது காட்டப்படவில்லை. மறுநாள் பகலில் எல்லாம் முடிந்தது. எங்கே கொண்டுபோனார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

மதியம் ரசமும் அப்பளமும் சாப்பிட்டோம். கறிக்காக வயிற்றில் இடம் விட வேண்டும் என்றார். வீடு முழுவதும் வாசனை பரவியிருந்தது. பூண்டும் எள்ளும் ஏதோ இனிப்பும் சேர்ந்த, எங்கள் வீட்டுக்குப் பழக்கமில்லாத வாசனை.

ஒன்றேமுக்காலுக்கு மின்சாரம் போனது. ஃபேன் நின்றது. பாத்திரத்தின் சிவப்பு விளக்கு அணைந்தது.

"பேஜாரு. வந்த அன்னிக்கேவா?" என்று எழுந்தார்.

"மூடிய திறக்காதீங்க. சூடு உள்ளயே இருக்கும். எவ்வளவு நேரம் போகுதோ அவ்வளவு நேரம் கடைசியில சேத்துக்கலாம்."

"டீச்சர் சொன்னா சரி."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மின்சாரம் போனதில் யாரும் மகிழ்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடைத்தன, அவ்வளவுதான். அந்த நிமிடங்களில் அவர் பாயில் என் பக்கத்தில் படுத்து விசிறினார். விமானம் ஒன்று கூரைக்கு மேல் தாழ்ந்து போனது. ராத்திரி எல்லாம் விமானத்தில் தூங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே என் புடவைக் கொசுவத்தின் மேல் கையை வைக்க வந்தார்.

"வேர்க்குதுங்க," என்று நகர்ந்தேன்.

"சரி, ரெண்டு பேரும் தூங்குங்க," என்றார்.

எனக்கும் சேர்த்து விசிறிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் விசிறி அவர் மார்பின் மேல் விழுந்தது. நல்ல தூக்கம். வாக்கியத்தை மனதுக்குள் அமைத்துப் பார்த்தேன். எங்கே தொடங்கினாலும் அவர் வயது எண்ணத் தொடங்கியிருந்த ஒன்றைப் பற்றியதாகவே அது இருந்தது. மின்சாரம் வந்தபோது மணி இரண்டு முப்பத்தைந்து. ஐம்பது நிமிடம். மூடியை ஐந்து நாற்பதுக்குத் திறக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

நான்கு மணிக்குச் சொல்லவில்லை. அவர் எழுந்து, தொட்டுக்கொள்ள முள்ளங்கியைச் சீவிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு அவருடைய ஃபோர்மேன் கொரியாவில் மிளகாய் என்று நினைத்து எதையோ கடித்த கதையைச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். நான் கேட்டேன்.

ஐந்து நாற்பதுக்கு மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. சாறு கருஞ்சிவப்பாக, பளபளவென்று இருந்தது. முள்கரண்டியால் ஒரு துண்டைக் குத்தினார். இறங்கவில்லை. இன்னொன்றைக் குத்தினார்.

"அங்க எலும்புலேர்ந்து தானா கழண்டுக்கும். இது இன்னா ரப்பராட்டம் கீது?"

"அந்த ஊர் மாடு சாப்பிடறதுக்குன்னு வளத்தது. இது வண்டி இழுத்த மாடா இருக்கும்."

அப்போதுதான் கிளியம்மாள் பின்வாசல் பக்கம் வந்து நின்றார். அவர் பெரிய கறி சாப்பிடுவதில்லை. வாசனைக்கு வந்திருந்தார்.

"இன்னா ஏசு, வெந்துச்சா?"

"எங்க பெரிம்மா. எட்டு மணி நேரமும் வேஸ்ட்டு."

"அடப்போய்யா. பேரிக்கா வெச்சிகினு கறி வேவுமா? பின்னாடி மரத்துல அவ்ளோ காய் தொங்குது. ரெண்டு துண்டு பப்பாளிக்கா போட்டா அரைமணில பூவாட்டம் ஆயிடும். இரு, நான் அறுத்துக்கினு..."

நிறுத்திவிட்டார்.

"நீயா பெரிம்மா இப்டிச் சொல்ற?" அவர் சிரித்தார். "மாசமாக் கீற பொண்ணு துண்ற கறில பப்பாளியா? அன்னிக்கி நான் ஊருக்குப் போறப்ப, அந்த மரத்துப் பக்கமே இவ போவக் கூடாதுன்னு சொன்னதே நீதானே?"

கிளியம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். பிறகு திரும்பித் தன் போர்ஷனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு பகலில் சாத்தி நான் பார்த்ததில்லை.

"இன்னா ஆச்சி பெரிம்மாக்கு?"

நான் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். பப்பாளி மரம் துவைக்கிற கல்லை ஒட்டி இருக்கிறது. கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு காயைத் திருகினேன். காம்பிலிருந்து வெள்ளையாகப் பால் சொட்டியது. கல்லில் விழுந்தது, என் விரலில் வழிந்தது.

மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டியது. நான்கு மாதத்துக்கே கட்டும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. கிளியம்மாள் மல்லிகைப் பூவைப் பரப்பி வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். இரண்டு நாள் பூவை மாற்றினார். பிறகு அதுவும் நின்றது.

காயைக் கொண்டுவந்து அடுக்களைத் தரையில் உட்கார்ந்து தோல் சீவினேன். பப்பாளிப் பாலில் இருக்கும் பொருள் அவ்வளவு சூட்டில் செத்துவிடும் என்று எனக்குத் தெரியும். பச்சைக் கறியில் தடவி வைத்திருந்தால் வேலை செய்திருக்கும். கொதிக்கிற பானையில் போட்டுப் பயன் இல்லை. தெரிந்தேதான் அறுத்தேன்.

"டீச்சரு, வெளையாடாத." அவர் கையில் கரண்டி அப்படியே நின்றது. "கறி வேவலன்னா போவுது. நாயிக்குப் போட்டுரலாம். நீ அத்தத் தொடாத, கைய கழுவு."

நான் துண்டுகளைத் தட்டில் வைத்தேன்.

"ஏய், ஒனக்கு ஆவாது."

"ஆகும்."

அவர் பின்வாசலைப் பார்த்தார். சாத்திய கதவைப் பார்த்தார். பிறகு என் புடவைக் கொசுவத்தைப் பார்த்தார். காலையிலிருந்து பார்த்ததுதான். இப்போது வேறு மாதிரிப் பார்த்தார். கரண்டியிலிருந்து சாறு தரையில் சொட்டியது. அவர் முகத்தில் சிரிப்பின் மிச்சம் இன்னும் இருந்தது, எங்கே போவது என்று தெரியாமல்.

"இன்னா ஆகும்ங்கிற?" என்றார் மெதுவாக. "ம்முன்னு சொல்லாத. வாயத் தொறந்து சொல்லு. ரெண்டு பேரும் நல்லாத்தானே கீறீங்க?"

தட்டைக் கீழே வைத்தேன்.

"நான் மட்டும்தாங்க இருக்கேன். குழந்தை போயிடுச்சு."