பத்தடிக்கு ஓரடி

"மெதுவா வாங்கக்கா. மூச்சு வாங்குது பாருங்க."

"என் மூச்சு எனக்குத் தெரியும். நீ நட."

கணவாய்க்குக் கீழே மேஸ்திரியாக வேலை செய்துகொண்டிருந்த இவள் புருஷன் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனார். அதைச் சொல்ல இறங்கி வந்தவள்தான் முன்னால் நடக்கிறாள். பாதைக்கு மட்டம் பார்க்கிறவள், எல்லாரும் கூப்பிடுவது அளவுக்காரி என்று. பதினெட்டு வருஷமாக அவரோடு இந்தக் காட்டுப் பாதையைப் போட்டவள். இறக்கிக்கொண்டு வரும்வரை காத்திராமல் எதிரே போய் அவரைப் பார்த்தே தீருவேன் என்று இவளும் கிளம்பிவிட்டாள்.

ஏறுவதே தெரியாமல் ஏறியது பாதை. பத்தடி நடந்தால் ஓரடிதான் உயரலாம் என்பது கணக்கு. மலை அதற்குமேல் நிமிர்ந்தால் பாதை நேரே மோதாது. சரிவின் குறுக்கே போய் வளைந்து திரும்பும். வெளியோரம் இரண்டு விரல் தாழ்ந்திருப்பது மழைத்தண்ணீர் பாதையோடு ஓடாமல் பள்ளத்தில் வழிந்துவிட. எல்லாம் அளவுக்காரி சொல்லித்தான் தெரிந்தது. வீட்டில் அவர் வாயிலிருந்து வந்தது "ம்" ஒன்றுதான்.

"இந்த வளைவுக்கு மட்டும் மேஸ்திரிக்கும் எனக்கும் மூணு நாள் சண்டை," என்றாள் அளவுக்காரி.

இவள் அந்த வளைவைத் திரும்பிப் பார்த்தாள். தன்னோடு அவர் சண்டைகூடப் போட்டதில்லை.

"கடைசியா என்ன சொன்னாரு?"

"உங்களத்தான் கேட்டாரு."

"உனக்குப் பொய் சொல்ல வரல. விடு."

அளவுக்காரி நின்றாள். "வடிகால்ல இலை அடைச்சிருக்கு, மண்வெட்டிய எடுன்னாரு. எடுத்துட்டுத் திரும்புறேன், அவ்வளவுதான்க்கா."

கடைசிச் சொல்லையும் அளவுக்காரியிடம்தான் சொல்லியிருக்கிறார்.

மேலேயிருந்து தூக்குப்படுக்கையோடு இரண்டு ஆட்கள் வந்தார்கள். பாதையில் நாலு பேர் சேர்ந்து தூக்க இடமில்லை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். இறக்கி வைத்துக் கையை உதறினார்கள். அவர் முகத்தை மூடியிருந்தது ஒரு பெண்பிள்ளையின் மழைக்கோட்டு.

இவள் அதை எடுத்து அளவுக்காரியிடம் நீட்டினாள். "போட்டுக்கோ. குளிருது." தன் சால்வையை முகத்தில் விரித்தாள்.

"கொஞ்ச தூரம் நாங்க தூக்குறோம்," என்று அளவுக்காரி தலைமாட்டில் குனிந்தாள்.

"நீ கால்மாட்டுக்குப் போ."

"அக்காவால முடியுமா?" என்றான் ஓர் ஆள்.

"முப்பது வருஷம் தூக்கினேன். இந்தக் கொஞ்ச தூரம் முடியாதா?"

இறக்கத்தில் கால்மாடுதான் முன்னால் போகும். அளவுக்காரி போய்த் தூக்கினாள். திரும்பிப் பார்க்கவேயில்லை. எந்தக் கல் ஆடும், எந்த வேர் வழுக்கும் என்று அவள் கால்களுக்குத் தெரிந்திருந்தது.

படுக்கை மறைத்ததில் இவளுக்குத் தன் பாதம் தெரியவில்லை. நாலாவது வளைவுக்குள் தெரிந்துகொண்டாள்: முன்னால் அளவுக்காரியின் தலை எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் காலை வைத்தால் போதும். வைத்து வைத்து நடந்தாள்.