நாலடிச் சுவர்

எண்ணூறு வருஷமாக இனிஷ்டாராத் தீவில் நிற்கும் அந்தக் குட்டித் தேவாலயத்தைக் கடைசியாக ஒரு முறை பெருக்கிவிட்டுத்தான் படகேறுவேன் என்று சொரகா பிடிவாதம் பிடித்தாள். பாஸ்டனிலிருந்து அக்கா அனுப்பிய கப்பல் டிக்கெட் பெட்டிக்குள் இருந்தது. போனால் திரும்பி வருகிற வயதா? முப்பத்தொன்பது முடிந்துவிட்டது.

அக்கரைத் துறைமுகத்தில் தன் படகில் கொண்டுபோய் விட வந்திருந்தவன் கோர்மாக். வேறு ஆளே கிடைக்கவில்லையா? கிடைக்கவில்லை, என்ன செய்ய! மற்ற படகெல்லாம் கானாங்கெளுத்தி மீன் பிடிக்கப் போய்விட்டன.

பீடத்துக்கு மேலே கையகல ஜன்னல். தீவில் கல்யாணம் முடிவாவது அங்கேதான். பெண் உள்ளேயிருந்தும் ஆண் வெளியேயிருந்தும் கை நீட்ட வேண்டும். கையை நுழைத்தால் ஜன்னல் அடைத்துக்கொள்ளும், மறுபக்கம் எதுவும் தெரியாது. விரல் தொட்டால் சம்மதம், தொடாவிட்டால் இல்லை. வாய் திறக்கக் கூடாது, அப்புறம் ஜென்மத்துக்கும் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது. நல்ல சட்டம் போட்டார்கள், புண்ணியவான்கள்! பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சொரகாவின் கைக்கு அங்கே வெறும் காற்றுதான் கிடைத்தது.

"இன்னும் எவ்ளோ நேரம் பெருக்குவ? காத்து திரும்பிடும்," என்று கோர்மாக் வாசலில் குனிந்து நின்றான்.

ஊரைவிட்டே போகிறவளுக்கு ஊர்ச் சட்டம் என்ன? கேட்டே விட்டாள்.

"அன்னைக்கு நீ ஏன் கை நீட்டல?"

அவன் முகம் குப்பென்று சிவந்தது. "யாரு, நானா? தோள் வரைக்கும் விட்டேன். நீதான் நீட்டல."

"புளுகாத. நான் முழங்கை வரைக்கும் விட்டேன்."

"முழங்கை வரைக்கும்தானா?"

"வெக்கமா இருந்துச்சு."

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். நாலடி கனம். கோர்மாக்குடையதோ தீவே கேலி செய்யும் குட்டைக் கை.

"பத்தொன்பது வருஷம்டா, கட்டக்கையா!" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அவன் விறுவிறுவென்று வெளியே போனான். சற்றைக்கெல்லாம் ஜன்னல் இருண்டது.

சொரகா துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பீடக்கல்லில் முட்டி வைத்து ஏறினாள். புனிதர் மன்னிக்கட்டும். முழங்கை போயிற்று, தோளும் போயிற்று, கன்னம் குளிர்ந்த கல்லில் அழுந்தியது. ஒன்றுமில்லை. மூச்சை விட்டு இன்னும் கொஞ்சம் நெருக்கினாள். தார் ஒட்டிய ஈர விரல் ஒன்று தட்டுப்பட்டது. சட்டென்று பற்றிக்கொண்டாள்.

வாய் திறக்கக் கூடாதுதான். "படகுலேருந்து என் பெட்டியை இறக்கு!" என்று ஜன்னலுக்குள் கத்தினாள்.

"இறக்குறேன், விரலை விடு."

"மாட்டேன்," என்றாள்.