ஞாயிற்றுக்கிழமை உத்தரவு

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. அவித்த நெல் கொப்பரையிலிருந்து சரிந்து விழ, எழும்பிய ஆவி ஆளை மறைத்தது. இருதயமேரி தலையில் மடித்துப் போட்ட சாக்கின் மேல் கூடையை ஏற்றிக்கொண்டு களத்துக்கு ஓடினாள். கூடையிலிருந்து வடிந்த சுடுநீர் பிடரியில் இறங்கி முதுகெல்லாம் ஓடியது. நின்றால் தோல் வெந்துவிடும். ஓடினால் கொஞ்சம் காற்றுப் படும். அதனால்தான் அந்த ஆலையில் பெண்கள் யாரும் நடப்பதில்லை. வெளியூர் வியாபாரிகள் வந்தால் முதலாளி அதைச் சுறுசுறுப்பு என்று சொல்லிக்கொள்வார்.

கொட்டிய நெல்லைக் காலால் கிழித்துக் கிழித்துப் பரப்ப வேண்டும். தை மாதப் பனியில் சிமெண்டுத் தரை சில்லிட்டிருக்கும், நெல்லோ கொதிக்கும். மண்ணச்சநல்லூரில் இதெல்லாம் புதிதல்ல. புதிதாக வந்தது ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.

சீனாக்காரனோடு சண்டை மூண்டதிலிருந்து, நாட்டுக்கு அரிசி வேண்டும் என்று சொல்லி அமிர்தராஜ் முதலாளி வாரம் முழுக்க ஆலையை ஓட்டினார். சண்டை நின்றது, ஆலை நிற்கவில்லை. ஞாயிறு ஒரு நாள்தான் பெண்கள் துணி துவைத்து, தலைக்கு எண்ணெய் வைத்து, ஆலைக்கு எதிரே முதலாளியின் அப்பா கட்டிய மாதா கோயிலில் பூசை காண்பார்கள். அதுவும் போயிற்று.

போன ஞாயிறு அந்தக் களைப்புதான் அக்னஸைத் தள்ளியது. அவள் இருதயமேரியின் ஒரே மகள். நெல் ஊறும் வெந்நீர்த் தொட்டியின் குறுக்கே கிடந்த பலகையில் நின்று நெல்லை வாரிக்கொண்டிருந்தாள். பாசி பிடித்த பலகை. மாற்றச் சொல்லிப் பெண்கள் பலமுறை கேட்டாயிற்று. கால் வழுக்கியது, வலது கால் தொடை வரைக்கும் வெந்நீரில் போயிற்று. முதலாளி தன் காரிலேயே திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தூங்கிக்கொண்டே வேலை பார்த்தால் இப்படித்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டும் போனார்.

சீக்கிரமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், ஈரமும் ஈயும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீடு என்றால் களத்துக்குப் பின்னால், ஆலை நிலத்தில், தாயும் மகளும் இருந்த குடிசை.

இருதயமேரி பலகையைக் குற்றம் சொல்லவில்லை. முதலாளியையும் சொல்லவில்லை. பூசையை விட்டுவிட்டு ஓய்வு நாளில் கூடை தூக்கினாள்; மகளையும் கூட்டிப்போனாள். அந்தப் பாவம்தான் பிள்ளையின் காலில் இறங்கிவிட்டது என்று நம்பினாள். கூட வேலை செய்யும் வேலம்மாளிடம் சொல்லி அழுதபோது அவள் கூடையை இறக்காமலே பதில் சொன்னாள்.

"மொதலாளியும் அன்னிக்கு ஆலையிலதான் நின்னாரு. அவரு காலு நல்லாத்தானே இருக்கு? நீ பேசாம சமயபுரத்தாகிட்ட வந்துடுடி. அவ இப்படிக் குறி தப்பமாட்டா."

அன்று சனிக்கிழமை. மதியம் முதலாளி களத்தில் நெல்லைக் கடித்துப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார். இருதயமேரி கிட்டே போய் நின்றாள்.

"நாளைக்கு ஒருநாள் விடுங்க மொதலாளி. புள்ளயப் பாத்துட்டு வந்துடறேன்."

"சாயந்திரம் போயிப் பாரு. யாரு வேணாங்கறா?"

"வேலை முடிஞ்சு போனா உள்ள விடமாட்டேங்கறாங்க."

"எல்லையில அவனவன் பனியில கெடக்கறான். நீ லீவு கேக்கற." கடித்த நெல்லைத் துப்பினார். "நாளைக்கு வராதவ எவளா இருந்தாலும் குடிசையக் காலி பண்ணிடணும். கட்டில் போட்டு ஆஸ்பத்திரி நடத்த நான் எடம் குடுக்கல."

சாயங்காலம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் பெண்கள் கோயிலில் வரிசையாக நின்றார்கள். இருதயமேரி சல்லடைப் பலகைக்கு முன்னால் முழந்தாளிட்டாள். மறுபுறம் பங்குச் சாமியார் பிலோமின்ராஜ். கெட்ட மனிதரல்ல, சைக்கிள் மிதித்துப் போய் ஆஸ்பத்திரியில் அக்னஸைப் பார்த்துவிட்டு வந்தவர். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் நெஞ்சை அடைத்ததையும் கேட்டுவிட்டாள்.

"நாளைக்கும் அந்தப் பாவத்தச் செய்யத்தான் போறேன் சாமி. குடிசை போயிட்டா புள்ளய எங்க கெடத்துவேன்? தெரிஞ்சே செய்யறதுக்கு மன்னிப்பு உண்டுங்களா?"

"அழாதேம்மா. உம்மேல பாவமே இல்ல. நெருக்கடி நேரம்னு மொதலாளி வந்து கேட்டாரு. கிறிஸ்துமஸுக்கு முன்னாலயே, ஞாயித்துக்கிழமை வேலை செய்யலாம்னு நான் உத்தரவு குடுத்துட்டேன்."

ஆறுதலாகத்தான் சொன்னார். மகளின் காலை நினைக்கும்போதெல்லாம் இருதயமேரி தன் நெஞ்சில் தானே அடித்துக்கொண்ட அத்தனை அடியும் வீண்.

"எங்கள ஒரு வார்த்தை கேக்கலியே சாமி."

"அரசியல் பேசாதேம்மா. இது பாவம் சொல்ற எடம்."

"பாவம் இல்லன்னு நீங்கதான் சொல்லிட்டீங்களே." அவள் குரல் உயரவில்லை. "ஆண்டவரு எனக்குன்னு குடுத்தது அந்த ஒரு நாளு. அத எடுத்து நீங்க எப்படி சாமி மொதலாளிகிட்ட குடுத்தீங்க?"

மன்னிப்பு வழங்க எழுந்த அவர் கை பாதியில் நின்றது. மன்னிக்க எதுவும் இருக்கவில்லை.

வெளியே வந்து வரிசையில் நின்ற பெண்களிடம் நடந்ததைச் சொன்னாள். அடுத்துப் போக வேண்டியவள் போகவில்லை. அப்போ நாளைக்கு என்று யாரோ கேட்டார்கள். நாளைக்கு இங்கேயே உட்காரப் போகிறேன், பூசை முடிந்தாலும் எழுந்திருக்கமாட்டேன் என்றாள். குடிசை போனால் போகட்டும் என்று தொடங்கியவளுக்கு அந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாருக்கும் குடிசை இருந்தது. கடைசியில் ஒருத்தி, தன்னுடைய கால்கூட அந்தப் பலகையில் ஒருமுறை வழுக்கியதுண்டு என்றாள். வேறு பேச்சு வேண்டியிருக்கவில்லை.

செய்தி வேலம்மாளுக்கும், பாய்லருக்கு உமி தள்ளும் அப்துல் சலாமுக்கும் எட்டியது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கொஞ்ச நேரம் கேட்டதற்கே, நெருப்பை யார் பார்ப்பது என்று திட்டு வாங்கியவர் அவர்.

"நீங்க உக்காருங்கம்மா. நெருப்ப நான் பாத்துக்கறேன். பாக்காமலும் இருந்துக்கறேன்" என்றார்.

ஞாயிறு விடியுமுன் ஆலைச் சங்கு ஊதியது. ஆலைக்குப் போக வேண்டிய பெண்கள் கோயில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பூசை நடந்தது; முடிந்தது. மறுபடி சங்கு ஊதியது. முன்வரிசை நாற்காலியிலிருந்து எழுந்த அமிர்தராஜ் வாசலை மறித்து நின்றார்.

"எழுந்திரிங்க. கோயிலுக்குள்ள கட்சி நடத்தறீங்களா? எங்கப்பா கட்டின கோயில் இது."

"தெரியுங்க" என்றாள் இருதயமேரி. "செங்கல் சொமந்தது எங்கம்மா."

அவர் பலிபீடத்தின் பக்கம் திரும்பினார். "சாமி, நீங்க சொல்லுங்க. உத்தரவு குடுத்திருக்கீங்கள்ல?"

பிலோமின்ராஜ் சாமியார் பூசை உடுப்போடு நின்றிருந்தார். கோயில் கூரை ஓட்டுக்கும் மணிக்கும் வருகிற பணம் யாருடையது என்பது அவருக்குத் தெரியும். இரவு தூங்காத கண்கள்.

"செய்யலாம்னுதான் உத்தரவு குடுத்தேன்" என்றார் மெல்ல. "செஞ்சே ஆகணும்னு குடுக்கலீங்க."

அதற்கு மேல் பேச அவருக்குத் துணிவு வரவில்லை. ஆனால் உள்ளே போய்விடவும் இல்லை.

முதலாளிக்கு முகம் கறுத்தது. சாயந்திரத்துக்குள் எல்லாக் குடிசையும் பிரிக்கப்படும் என்றார். மேஸ்திரியைக் கூப்பிட்டு மறுபடி சங்கு ஊதச் சொன்னார். சங்கு எழும்பியது, பாதியில் குரல் கம்மி, இருமி, அடங்கிவிட்டது. பாய்லரில் ஆவி இல்லை. சற்று நேரத்தில் அப்துல் சலாம் உமித்தூசியைத் தட்டிக்கொண்டு வந்து கோயில் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். முதலாளி அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

சலாமுக்குப் பின்னால் வந்த வேலம்மாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு உள்ளே நுழைந்தாள். மற்றவர்களைப் பார்த்து முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, இருதயமேரியின் அருகில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஞாயித்துக்கெழமதானடி லீவு" என்றாள் காதோடு. பிறகு சொன்னாள்: "புள்ளய எங்க வீட்டுக்குக் கொண்டாந்துடு. வாய்க்காக் கரைதான், ஒழுகும். ஆனா அந்தாளு எடமில்ல."

குடிசைகளின் பக்கமிருந்து ஆட்கள் குரலும், ஓலையில் அரிவாள் விழும் சத்தமும் கேட்டன. சாயந்திரம் வரைக்கும்கூட முதலாளி பொறுக்கவில்லை. ஒருத்தி எழப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருதயமேரி செபமாலையைத் தொடங்கினாள். விரலில் இரண்டு மணிகள் உருளுமுன், அரிவாள் சத்தம் கேட்டு நிறுத்திவிட்டாள். அடுத்திருந்தவள் விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொன்னாள், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். வேலம்மாளுக்குச் சொற்கள் தெரியாது. மற்றவர்கள் மூச்சு வாங்கிய இடத்தில் அவளும் வாங்கினாள். அவர்கள் தொடங்கிய இடத்தில், தெரிந்தவள்போல உரக்கத் தொடங்கினாள்.