இடது பக்கத்துச் சத்தம்

கதவின் உள்பேனலுக்கும் தகரத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் பட்டையைச் செருகி அவள் மெல்ல நெம்பினாள். டொக்கென்று ஒரு கிளிப் விட்டுக்கொடுத்தது. பட்டையை நாலு விரற்கடை தள்ளி மறுபடி நெம்பினாள். அவசரப்பட்டால் கிளிப்பின் கழுத்து முறியும், அப்புறம் அந்தப் பேனல் ஆயுசுக்கும் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் நொடியில் வந்துவிடும்தான். ஆனால் ஓரத்தில் எலி கடித்த மாதிரி தழும்பு விழுந்துவிடும்.

அந்தத் தழும்பு விழாமல் இருக்கத்தான் வியாபாரி வண்டிகளை இங்கே கொண்டுவந்து விட்டார். பழைய கார்களை வாங்கி விற்பவர் அவர். வண்டியைத் திறந்ததும் தெரியக்கூடாது, மூடியதும் தெரியக்கூடாது, எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் முடிய வேண்டும். ஒற்றை அறை வீடு, வாசலில் ஒரு கார் நிற்கும் அளவுக்குத் தகரக் கூரை. கிளிப்புகள் உருண்டு ஓடாமலிருக்கத் தரையில் ஒரு பழைய போர்வையை விரித்திருந்தாள்.

அவள் கணவன் முன்னால் இடது சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் ஏறுகிற பில்லரைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் வேலை செய்த ஒர்க்‌ஷாப் மூடிப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அங்கே அவனுக்கு வைத்த பெயர் மட்டும் கூடவே வந்தது, பாம்புக்காது. ஓடுகிற வண்டியில் கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும். எந்த மூலையில் எந்தக் கிளிப் தளர்ந்திருக்கிறது என்று விரல் நீட்டிச் சொல்லிவிடுவான். இந்த வண்டியிலும் வியாபாரியோடு தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "இடது பில்லர்ணே, உள்ள ஏதோ தட்டுது" என்று சொல்லியிருந்தான்.

"பேட்டரியைக் கழட்டலையா?" என்று கேட்டாள்.

"வேணாம்னு அண்ணன் சொல்லியிருக்காரு. கழட்டினா ரேடியோ பூட்டிக்கும். அதைத் திறக்கிற நம்பர் அவர்கிட்ட இல்ல. வாங்க வர்றவன் அதைப் பார்த்ததும், வண்டியை நோண்டியிருக்காங்கன்னு பிடிச்சிடுவானாம்."

"ஒர்க்‌ஷாப்புல கழட்டாம கையே வைக்க மாட்டீங்களே."

"அங்க கழட்டலைன்னா திட்டுவாங்க. இங்க கழட்டினா திட்டுறாரு."

அவன் பட்டையைப் பில்லரின் ஓரத்தில் செருகினான். மேல் கிளிப் விட்டது. உள்ளே எந்தக் காலத்திலோ யாரோ அறுந்த ஒயரை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றி வைத்திருந்தார்கள். டேப் காய்ந்து உரிந்து, வெறும் செம்பு வெளியே தெரிந்தது. பிளாஸ்டிக்கில் தட்டிக்கொண்டிருந்தது அந்த முடிச்சுத்தான். அதைப் பார்க்க அவன் தலையைப் பக்கத்தில் கொண்டுபோனான், இரண்டாவது கிளிப்பை நெம்பினான்.

அவளுக்கு முதலில் வண்டிதான் வெடித்துவிட்டது என்று தோன்றியது. வெள்ளைப் புகை, தீய்ந்த ரப்பர் வாடை. கூரையோரமாக ஒரு துணிப்பை புசுபுசுவென்று தொங்கிக்கொண்டிருந்தது. மோதினால் தலையைக் காப்பாற்ற வைத்திருக்கிற ஏர்பேக் அது. பேட்டரியைக் கழற்றியிருந்தால் அது விரிந்திருக்காது. அவன் இடது காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது.

வியாபாரி வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், கண்ணாடி உடையவில்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் உயிர் வந்தது. அதற்கப்புறம்தான் அவனைப் பார்த்தார்.

"தலை தப்பிச்சுதே, அது போதும். அந்தப் பையை அறுத்துத் தூக்கிப் போட்டுட்டு மேல மூடிடு தம்பி. பை இல்லேன்னு டாஷ்போர்டுல விளக்கு எரியும், அதையும் பிடுங்கிடு. காதைப் பத்திக் கவலைப்படாத, நான் இருக்கேன்ல."

அவன் அறுத்தான், பிடுங்கினான், மூடினான். ஒரு கீறல் இல்லை. அந்த வாரமே ஒரு குடும்பம் குழந்தைகளோடு வந்து அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனது என்று வியாபாரியே வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். செவிப்பறை பெரிதாகக் கிழிந்திருக்கிறது, அது தானாக மூடாது, ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் கேட்க ஆரம்பித்துவிடும், அதுவரை சீழ் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அங்கேயே செய்துகொள்ள முறை வருவதற்கு வெகுநாள் ஆகும். வெளியே செய்வதென்றால் வியாபாரி மனது வைக்க வேண்டும்.

கேட்பது குறைந்திருக்கிறது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அடுப்படியிலிருந்து, "ஏங்க, தண்ணி நின்னுடப் போகுது, ஒரு குடம் பிடிங்க" என்று கூப்பிட்டாள். அவன் எழுந்து தெருவைப் பார்த்தான். மறுபடி கூப்பிட்டாள். மேலே தகரக் கூரையைப் பார்த்தான். அவள் வெளியே வந்து எதிரில் நின்றதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேக்குது. எங்கேர்ந்து கேக்குதுன்னுதான் தெரியல. ஒத்தக் காதுல எல்லாச் சத்தமும் வலது பக்கமாவே வருது."

பேனலைக் கழற்ற ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதைக் கழற்ற வேண்டும் என்று சொல்வதற்குத்தான் இவனைத் தேடி வந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து வியாபாரி போன் செய்தார். சத்தம் வருகிற வண்டி ஒன்று வந்திருக்கிறது, நாளைக்கு ஓட்டி வருகிறேன், காது எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டு ஆபரேஷன் விஷயம் பேசலாம் என்றார்.

"உள்ளதைச் சொல்லிடலாங்க" என்றாள் அவள். "கேக்கலைன்னு தெரிஞ்சாத்தானே வைத்தியம் பார்ப்பாரு."

"உனக்கு அவரைத் தெரியாது. கேக்கலைன்னு தெரிஞ்சா வேற ஆளைப் பார்த்துக்குவாரு. ஓடாத வண்டிக்கு எவனாவது புது டயர் போடுவானா? இவன் நமக்கு வேணும்னு அவருக்குத் தோணணும். அப்பத்தான் கை சட்டைப்பைக்குப் போகும்."

யோசித்துப் பார்த்தபோது அவன் சொல்வது சரியென்றே அவளுக்கும் பட்டது. காலம்பூராவும் உழைப்பைக் காட்டித்தான் கூலி கேட்டிருக்கிறார்கள். இல்லாமையைக் காட்டி எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

அன்று சாயங்காலம், வீட்டிலிருந்த இரண்டு மடக்கு நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பழகினார்கள். முன்னால் அவன், பின்னால் அவள். இடது முழங்காலால் அவன் முதுகை அழுத்தினால் இடது பக்கம், வலது என்றால் வலது. ஒரு தரம் அழுத்தினால் முன்னால், இரண்டு தரம் என்றால் பின்னால். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, புருஷனும் பொண்டாட்டியும் பஸ் ஓட்டுறீங்களா" என்று கேட்டாள். வெகுநாள் கழித்து அவன் சிரித்தான், அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் வியாபாரி வண்டியோடு வந்தார். "தங்கச்சி எதுக்கு?" என்று கேட்டார்.

"பின்னாடி பேனலை அமுக்கிப் பார்க்க ஒரு கை வேணும்ணே" என்று அவன் ஏறி உட்கார்ந்தான். அவள் அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

நல்ல சாலையில் ஒன்றும் கேட்கவில்லை. குண்டும் குழியுமான சந்துக்குள் திரும்பியதும் சத்தம் ஆரம்பித்தது. மாத்திரை டப்பாவைக் குலுக்குகிற மாதிரி டிக்டிக்கென்று சின்னச் சத்தம். அவளுக்கு முதலில் டாஷ்போர்டு என்று தோன்றியது, பிறகு கதவு என்று தோன்றியது. இத்தனை வருஷம் இவன் எப்படித்தான் கண்டுபிடித்தானோ. மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். இடது பக்கம், முன்னால். மறுபடியும் அதே பில்லர்.

இடது முழங்காலால் ஒரு தரம் அழுத்தினாள்.

அவன் அவசரப்படவில்லை. கண்ணை மூடினான், தலையை அப்படியும் இப்படியும் சாய்த்தான், அப்புறம் விரலை நீட்டினான். "இடது பில்லர்ணே. மேல் கிளிப்புக்கிட்ட."

வியாபாரி அவனையே பில்லரை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஓட்டினார். சத்தம் நின்றுவிட்டது. கையை எடுத்ததும் வந்தது. ஸ்டீயரிங்கில் தட்டிச் சிரித்தார்.

"பாம்புக்காதுன்னு சும்மாவா பேர் வச்சாங்க. நான்கூட நாலு நாளாத் தூங்கலை தம்பி. நம்ம வேலையில வந்த வினையாச்சேன்னு மனசு கிடந்து அடிச்சுக்கிச்சு. நல்லாத்தான் கேக்குது. நல்லா இருக்கிற காதுல எதுக்குக் கத்தியை வைக்கிறது?"

"அண்ணே, டாக்டரம்மா ஆபரேஷன்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க தங்கச்சி. எனக்குத் தெரியாதா. பாரு, அவனே கண்டுபிடிச்சுட்டான்ல?"

அவள் கண்ணாடியில் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். சொல்லிவிடலாம். சொன்னால் இன்றைக்குச் சொன்னது பொய்யென்றாகும், இந்த வண்டியும் போகும், அடுத்த வண்டியும் போகும். காது மட்டும் அப்படியே இருக்கும். அவள் தன் முழங்கால்களை ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

வாசலில் வண்டியை விட்டுச் சாவியைக் கொடுக்கும்போது வியாபாரி அவன் தோளைத் தட்டினார். "நாளைக்கு ஆள் வந்து பார்க்குது. ரேடியோ பூட்டிக்காம பார்த்துக்க. பேட்டரியில கை வைக்காத."

அவர் போனபின் அவன் பட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தான். இடது சீட்டில் உட்கார்ந்து, பில்லரின் பக்கத்தில் தலையைக் கொண்டுபோய்க் கொஞ்சநேரம் இருந்தான். பிறகு வலது காதை வைக்க உடம்பைத் திருப்பிப் பார்த்தான். சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் கழுத்து அப்படித் திரும்பவில்லை. மேல் கிளிப்பா, கீழ்க் கிளிப்பா, உள்ளே ஒயரா என்று தெரியாமல் நெம்ப முடியாது.

"இறங்குங்க" என்றாள் அவள்.

"நானே பார்க்கிறேன். இது போன காதுதானே, இனி போறதுக்கு என்ன இருக்கு."

"போன காதை வச்சு எதைக் கேக்கப் போறீங்க? இறங்குங்க. வெளிய நின்னு வண்டியை ஆட்டுங்க."

அவன் இறங்கினான். அவள் சீட்டைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காதிலிருந்த கம்மலைக் கழற்றிப் போர்வையின்மேல் கிளிப்புகளோடு வைத்தாள். சின்னப் பட்டையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஆட்டுங்க" என்றாள். அவனுடைய இடது காது அவள் பக்கமாக இருந்தபடியால் கேட்கவில்லை. கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினாள். வண்டி மெல்ல ஆடத் தொடங்கியது.

டாஷ்போர்டில் கடிகாரம் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவள் கண்களை மூடி, இடது காதைப் பில்லரோடு ஒட்டி வைத்தாள்.