அழகியநம்பி சாரின் ஆப்பிரிக்க மரம்

எங்கள் காலனியில் என்னை மரத்தைக் கொன்றவள் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். சொல்லட்டும். கொன்றது உண்மைதான். ஆனால் எதற்குக் கொன்றேன் என்று ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டாமா?

திருவனந்தபுரத்தில் நேமத்துக்குப் பக்கத்தில் நாலு சென்ட் நிலத்தில் எங்கள் வீடு. நான் முப்பது வருஷம் நர்ஸாக நைட் டூட்டி பார்த்தும், என் கணவர் ராஜையன் ஒரு பஸ் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தும் கட்டியது. எங்களுக்கென்று உள்ளது அது ஒன்றுதான். பக்கத்து வீடு அழகியநம்பி சாருடையது. பெரிய உத்தியோகத்திலிருந்து ரிட்டயர் ஆனவர், ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செகரட்டரி வேறு. மதிலை ஒட்டி அவர் பக்கத்தில் ஓர் ஆப்பிரிக்கன் துலிப் மரம் நின்றது. செக்கச்செவேலென்று கொத்துக் கொத்தாகப் பூக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கென்ன, பூவோடு அவர்கள் சோலி முடிந்தது. அதன் வேரோடு குடித்தனம் நடத்தியது நான்.

அந்த மரத்துக்கு விதை போட்டுப் பரவுவது போதாது. வேர் போகிற இடமெல்லாம் கன்று முளைக்கும். மதிலுக்கு அடியில் புகுந்து வந்து, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒன்று, செப்டிக் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் ஒன்று என்று எங்கள் பின்முற்றம் முழுக்க முளைத்தது. வெட்டினால் ஒன்றுக்கு மூன்றாகத் துளிர்த்தது. 2001 மழைக்காலத்தில் அடுக்களைத் தரை உப்பிக்கொண்டு வந்தது. அடுத்து, ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் சுவரில் விரிசல். மேஸ்திரியை அழைத்துத் தரையைக் கொத்திப் பார்த்தால் உள்ளே என் கைத்தண்டிக்கு வேர் கிடக்கிறது.

"இத இப்பிடியே விட்டா இந்தச் சொவரு நிக்காது, சிஸ்டரே," என்றார் மேஸ்திரி.

அன்று சாயங்காலமே அழகியநம்பி சார் வீட்டுக்குப் போனேன். பேப்பரை மடக்காமலே என்னைப் பார்த்தார்.

"சாரே, உங்க மரத்துக்க வேரு எங்க அடுக்களைக்கு அடியில வந்தாச்சு. சொவரு வெடிச்சு நிக்குது. மரத்த வெட்டணும், இல்லேண்ணா எங்க பக்கம் வாற வேரயாவது அறுத்து விடணும்."

"எம் மரம் எங் காம்பவுண்டுல நிக்கி. உங்க மண்ணுல மொளச்சது உங்க மரம். ரெண்டும் வேற வேற. அத நீங்க என்ன வேணும்னாலும் செய்யுங்க, எனக்கு ஒரு விரோதமும் இல்ல."

விடவில்லை நான். அசோசியேஷன் கூட்டத்திலும் எழுந்து கேட்டேன். அங்கேயும் அதையே சொன்னார். நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரசிடெண்ட் வாசுதேவன் பிள்ளை தலையை ஆட்டி, "அது ஞாயம்," என்றார். பிறகு மரங்களின் அருமை பற்றிக் கால்மணி நேரம் பேசினார். அவர் வீட்டில் ஒரு துளசிச் செடி கூடக் கிடையாது.

வெட்டினால் அடங்காத கன்றை வேறு எப்படி அடக்குவது? என் தம்பி தாசையனுக்கு விதுராப் பக்கம் கொஞ்சம் ரப்பர்த் தோட்டம் உண்டு. தோட்டத்தில் களைக்கு அடிக்கிற மருந்தில் ஒரு டப்பா கொண்டுவந்து தந்தான்.

"வெட்டின கையோட வெட்டுவாயில விடணும், அக்கா. காஞ்ச பெறவு விட்டா ஒண்ணும் கேக்காது. கிணத்துப் பக்கம் மட்டும் கொண்டுபோவாத."

கிணறு முன்பக்கம். இருந்தாலும் மழை விட்ட ஒரு வாரம் பார்த்து, கையுறை போட்டு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு இறங்கினேன். ராஜையன் கன்றை அறுக்க அறுக்க, நான் சிரிஞ்சில் எடுத்து வெட்டுவாயில் விட்டேன். ஊசி பிடித்துப் பழகிய கை, ஒரு சொட்டு சிந்தவில்லை. மறைத்தும் செய்யவில்லை. அழகியநம்பி சாரே மதிலோரம் வந்து நின்றார். டப்பாவை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதில் எழுதியிருந்ததை ஆதியோடந்தமாக வாசித்தார். "நல்லது, நடக்கட்டும்," என்று திருப்பித் தந்தார்.

எங்கள் பக்கம் அறுத்துவிட்ட குற்றிகள் கறுத்துக் காய்ந்தன. நிம்மதியாக இருந்தது. கிறிஸ்துமஸ் கழிந்ததும் மதிலுக்கு அப்பால் பெரிய மரம் மஞ்சளடித்தது. பிறகு இலை கொட்டியது. பங்குனி வெயிலில் மொட்டையாக நின்றது. வேறு வேறு மரம் என்றால் இதைக் கொன்றது அதை எப்படிக் கொல்லும்? எல்லாம் ஒரே வேர் என்று மரமே சாட்சி சொல்லிவிட்டது.

அதற்கு அவர் போட்ட கூப்பாடு இருக்கிறதே! "ஒரு உயிரக் கொன்னுட்டாளே," என்று தெரு கேட்கச் சொன்னார். அசோசியேஷன் அவசரக் கூட்டம் கூடியது. அதே நாற்பது பேர், அதே பிளாஸ்டிக் நாற்காலிகள்.

"தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே வேரு. பிள்ளைக்கு விஷத்தக் குடுத்துத் தாயக் கொன்னுட்டாங்க," என்று தழுதழுத்தார் அழகியநம்பி சார்.

நான் எழுந்தேன். "அப்பம் ஒரே மரம். எங்க அடுக்களைச் சொவர வெடிக்க வச்சதும் அதே மரந்தானே? அதுக்கு ஆரு பதில் சொல்லுவா?"

"அது வேறெ விஷயமாக்கும், சிஸ்டரே," என்றார் பிரசிடெண்ட்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போன கூட்டத்தில் ரெண்டாக இருந்த மரம் இந்தக் கூட்டத்தில் ஒன்றாகிறது, என் சுவர் மட்டும் ரெண்டு கூட்டத்திலும் யாருக்கும் வேண்டாத சுவராக நிற்கிறது. பட்ட மரத்தை நாங்கள் எங்கள் செலவில் வெட்டி அகற்ற வேண்டும், ஜூன் ஐந்து சுற்றுச்சூழல் தினத்தன்று அதே ஜாதிக் கன்று ஒன்றை எங்கள் வளவில் நட்டு வளர்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதே ஜாதி! முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பின்னால் வந்த ராஜையன் மெல்லச் சொன்னார், எல்லாவற்றுக்கும் அவர் சம்மதித்துவிட்டாராம்.

"பக்கத்து வீட்டுக்காரங்கிட்ட மொகம் முறிச்சா பின்ன எப்பிடி இருக்கது, ஞானம்? ஒரு கன்னுதானே. பெரிசாவட்டு, அப்பம் பாக்கலாம்."

இந்த மனுஷன் ஆயுசு முழுக்க இப்படித்தான். யார் காலை மிதித்தாலும் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். அடுக்களைச் சுவருக்கென்று வைத்திருந்த பணம் மரம் வெட்டுகிறவர்களுக்குப் போனது. அவருக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டேன். பேசத்தான் இல்லை.

ஜூன் ஐந்தாம் தேதி காலையில் எல்லோரும் எங்கள் பின்முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். பேனர், போட்டோகிராபர், ஒரு தட்டு லட்டு. நாலு சென்டில் வேறு இடம் ஏது? விரிசல் விட்ட சுவரிலிருந்து ரெண்டு எட்டில் ராஜையன் குழி தோண்டி வைத்திருந்தார். அழகியநம்பி சார் வேட்டி சட்டையில், கறுப்புக் கவரில் இருந்த கன்றைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி நின்றார். பிரசிடெண்ட் பேசி முடிக்கும் வரைக்கும் பொறுத்துக்கொண்டேன்.

"சாரே, மரம் போனது உங்க பக்கம்," என்றேன். "அந்த எடம் சும்மா கெடக்கு. இத அங்கேயே நட்டா என்ன? தண்ணி நான் வந்து ஊத்துதேன்."

கூட்டத்தில் ரெண்டு மூன்று பேர் தலையசைத்தார்கள். பிரசிடெண்டுக்கும் பிடித்துவிட்டது. "நல்ல காரியமாக்கும். மரம் நின்ற எடத்துலதான் மரம் வேணும்."

"அங்க வேண்டாம்," என்றார் அழகியநம்பி சார், சட்டென்று.

"ஏன் சாரே?"

"அங்க காருக்கு ஷெட்டு போடுதோம்லா. அஸ்திவாரம் எடுக்க நாளைக்கு ஆளு வருது. இத அங்க கொண்டுபோய் நட்டா வேரு தரையத் தூக்கிரும், சொவரு வெடிச்சிரும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

"பிரசிடெண்ட் சாரே," என்றேன், "இவிய இப்பம் சொன்னத இன்னொருக்கச் சொல்லச் சொல்லுங்க. நல்லாச் சத்தமா."

பிரசிடெண்ட் வானத்தைப் பார்த்தார். மழை வருகிறது என்றார். மழை ஒன்றும் வரவில்லை. போட்டோகிராபர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டார்.

ராஜையன் மண்வெட்டியோடு குழிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அடுக்களைச் சுவரைப் பார்த்தார், மதிலுக்கு அப்பால் வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். பிறகு தோண்டிப் போட்ட மண்ணை வாரிக் குழிக்குள் தள்ள ஆரம்பித்தார். கன்றை ஏந்திக்கொண்டே அழகியநம்பி சார், "ராஜையா, ராஜையா," என்று கூப்பிட்டார். என் கணவர் நிமிரவே இல்லை. குழி நிறைந்ததும் அதன் மேல் ஏறி நின்று, ரெண்டு காலாலும் மிதித்து மண்ணை இறுக்கினார்.