கற்பூரம் அடித்தவன்

காரவள்ளியில் மலைப்பாதை ஆரம்பிக்கும் இடத்தில் குணசேகரன் சைக்கிளில் ஏறினான். காலை ஏழு மணி. முன்னால் போன பஸ்ஸின் ஜன்னலோரத்தில் அவன் அம்மா செல்லாத்தாள், மடியில் பழம், பூ, கற்பூரம். எழுபது வளைவு தாண்டினால் பெரியசாமி கோயில். அங்கே இன்றைக்கு அவன் கற்பூரம் அடித்து, எரியும் சுடரை வெறுங்கையால் அணைத்து, சத்தியம் செய்தாக வேண்டும்.

எல்லாம் ஒரு சிறுநீர்ச் சோதனை கொண்டுவந்த வினை. 2001 பிப்ரவரியில் தேசிய சைக்கிள் ரோடு ரேஸில் தங்கம் வாங்கினான். ஏப்ரலில் தபால் வந்தது. ஊக்கமருந்து, இரண்டு வருடம் தடை. சைக்கிளால் கிடைத்த கம்பெனி வேலையும் ஊசலாடியது. விசாரணையில் அவன் சொன்னது ஒன்றுதான். சத்து ஊசி என்று சொல்லி கம்பெனி டீமின் மசாஜ்காரன் காளியண்ணன் போட்டுவிட்டான், தனக்கு ஒன்றும் தெரியாது. அவன் வேலை தப்பியது. காளியண்ணன் வேலை போயிற்று.

காளியண்ணன் மலைமேல் தேவனூர் நாட்டுக்காரன். ஆறு வருடம் குணசேகரனின் தொடையைப் பிடித்துவிட்ட கை அவனுடையது. ஆபீசில் வாதாடாமல் ஊருக்குத் திரும்பி மரவள்ளிக் காட்டில் இறங்கிவிட்டான். சேந்தமங்கலம் சந்தையில் செல்லாத்தாளைப் பார்த்தபோதுதான் வாய் திறந்தான்.

"காயிதத்துல என்ன வேணா எழுதிக்கட்டுங்க. உங்க பையன எங்க பெரியசாமி முன்னால கற்பூரம் அடிக்கச் சொல்லுங்க. அடிச்சுட்டா நாந்தான் போட்டேன்னு ஊரறிய ஒத்துக்கறேன்."

சந்தையே காது கொடுத்துக்கொண்டிருந்தது. மகனை ஒரு வார்த்தை கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. "வெள்ளிக்கிழம வாரான் பாரு" என்று நாளும் குறித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாற்பதாவது வளைவில் குணசேகரனுக்கு நெஞ்சு அடைத்தது. ஊசி உடம்பில் ஓடிய நாளில் இதே மேட்டில் எழுந்து நின்று மிதித்திருக்கிறான். சேலத்தில் ஒரு மருந்துக்கடையின் பின்பக்கம் அவனே போய் வாங்கி, ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அவனே குத்திக்கொண்ட ஊசி. ஒருநாள் காலி பாட்டிலைக் கண்டுபிடித்த காளியண்ணன், வேண்டாமுங்க என்று கெஞ்சினான். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாய் இறுக்கம்தான் குணசேகரனுக்கு வசதியாகப் போயிற்று.

கோயிலில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். பூசாரி அப்பாசாமி கல்மேல் கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தினார். எதிரே காளியண்ணன், கை கட்டியபடி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அடி கண்ணு," என்றாள் செல்லாத்தாள். குரலில் அத்தனை பெருமை.

குணசேகரன் கையை ஓங்கினான். கண்ணை மூடி ஒரே அடியில் முடித்திருக்கலாம். கை இறங்கி வந்து, சுடருக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. ஒரு நொடி. இரண்டு. மூன்று. உள்ளங்கைத் தோல் தீய்ந்தது. பிறகுதான் அடித்தான். உருகிய கற்பூரம் காயத்தில் ஒட்டிக்கொள்ள, தீ அணைந்தது.

சத்தியம் செல்லும் என்றார் அப்பாசாமி. காளியண்ணன் வாக்கு மாறவில்லை. "நாந்தானுங்க போட்டேன்," என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காட்டுக்கு நடந்தான்.

செல்லாத்தாள் மகனின் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். கொப்புளம் பொங்கிக்கொண்டிருந்தது. மனசு சுத்தமாக இருப்பவன் அடித்தால் கையில் கரிகூட ஒட்டாது. சின்ன வயதிலிருந்து அவள் எத்தனையோ பேர் அடித்துப் பார்த்தவள். கையை மெதுவாக விட்டாள்.

"நீயாடா?"

பழத்தட்டை அங்கேயே வைத்துவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள்.

இறக்கத்தில் முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. விரல் மடங்கவில்லை, பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை. இறங்கி, தேசிய சாம்பியன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். பாதி வழியில் பஸ் அவனைத் தாண்டிப் போனது. ஜன்னலோரத்தில் அம்மா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

காரவள்ளி வந்து சேர்ந்தபோது மணி மூன்று. டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

"ஏனுங்க, பஞ்சருங்களா?"

கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஆமாங்க" என்றான் குணசேகரன்.