தூங்காத அக்கா

என் தம்பி கெட்டவன் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கெட்டவன்தான். படித்த கெட்டவன்.

எங்கள் மெத்தைக் கடையின் விளம்பரம் இவ்வளவு காலமும் என் பொறுப்பு. சிக்னலுக்கு எதிரே ஒரு பெரிய பலகை. அதில் கொட்டாவி விடும் ஓர் அழகி, ஒரு மெத்தை, கடையின் போன் நம்பர். அச்சுக்காரர் டிசைனை என் போனுக்கு அனுப்புவார், நான் ‘ஓகே’ என்பேன், விடிவதற்குள் ஏறிவிடும். அந்த அழகி எங்கள் மெத்தையில் ஒரு நாளும் படுத்தவள் இல்லை, அது ஊருக்கே தெரியும். பொய்தான். ஆனால் யார் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்காத பொய்.

அப்பா கடையைத் தம்பி பேருக்கு எழுதிக் கொடுத்தார். அவன் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்த கையோடு ஆரம்பித்துவிட்டான்.

“பலகைய யாருக்கா பாக்கறாங்க? பச்சை விழுந்தா பறந்துடறாங்க. குத்தகை முடிஞ்சதும் விட்டுடலாம். இப்பல்லாம் கன்டென்ட்தான். முதுகுவலி ஏன் வருது, குழந்தைய எப்படிப் படுக்க வைக்கணும், இப்படி உபயோகமா எழுதணும். படிச்சு, நம்பி, அவங்களே தேடி வருவாங்க.”

“வந்து?”

“மெத்தை வாங்குவாங்க.”

“அப்ப அதுவும் விளம்பரம்தானே? தலைய சுத்தி மூக்கைத் தொடறியே!”

“விளம்பரம் கத்தும். இது பேசும்,” என்றான். வாய்க்கு ஒன்றும் குறைச்சலில்லை.

கடையின் இணையப் பக்கத்தில் முதுகுவலியைப் பற்றி எழுதினான். ஒரு ஈ காக்கா வரவில்லை. அப்புறம் ஒரு நாள் திடீரென்று கடை நிறையக் கூட்டம். வந்த பெண்கள் மெத்தையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கதானே அந்தத் தூங்காத அக்கா?” என்று கேட்டாள்.

கல்லாவுக்குப் பின்னால் நின்று போனில் தேடிப் படித்தேன். ‘என் அக்கா ஏன் தூங்குவதில்லை’ என்று தலைப்பு. ஒரு காலையில் நான் கண் விழித்தபோது பக்கத்தில் கணவர் இல்லாதது, அலமாரியில் அவர் சட்டைகள் இல்லாதது, தூங்கினால் இன்னும் யாராவது போய்விடுவார்களோ என்று இன்றைக்கும் உட்கார்ந்தே விடிய வைப்பது, எல்லாம் இருந்தது. அவனிடம் மட்டும் அழுது சொன்னவை. கடைசி வரியில் எங்கள் ஸ்பிரிங் மெத்தை.

என் மானம் போனது பெரிதில்லை. என் மகளுக்குப் பத்து வயது. அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவளிடம் போன் கிடையாது, ஆனால் அவள் தோழிகளின் அம்மாக்களிடம் இருக்கிறதே.

“எடுத்துடு,” என்றேன்.

“பலகை வெச்சு இத்தனை வருஷத்துல இப்படிக் கூட்டம் வந்துச்சாக்கா? ஜனங்க உண்மையத்தான் நம்பறாங்க. உன் பேர்கூடப் போடலையே.”

“இந்த ஊர்ல மெத்தை விக்கற அக்கா உனக்கு எத்தனை பேருடா?”

“கொஞ்சம் பொறு. சூடு ஆறட்டும், எடுத்துடறேன்.”

அன்று சாயங்காலம் மகள் பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். “அம்மா, அப்பா கப்பல்ல இல்லையா?”

என் முகத்திலேயே பதிலைப் படித்துக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சும்மா விடுவேனா?

தம்பிக்கு முதுகில் கோளாறு, மெத்தையே ஆகாது. வீட்டில் வெறுந்தரையில் துண்டை விரித்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்குவான். அவன் பெண்டாட்டி அதைப் படம் பிடித்துக் கேலிக்காகக் குடும்பக் குரூப்பில் போட்டிருந்தாள். அந்தப் படத்தை அச்சுக்காரருக்கு அனுப்பினேன். கீழே, ‘இவர் எங்கள் மெத்தைக் கடை முதலாளி. வீட்டில் இப்படித்தான் தூங்குகிறார். உண்மைக் கதை.’

“மேடம், ஏதாவது மாறி வந்துடுச்சா?” என்று அவர் பயந்துபோய்க் கேட்டார்.

‘ஓகே’ என்றேன்.

மறுநாள் காலையில் சிக்னலில் பச்சை விழுந்தும் யாரும் பறக்கவில்லை.

தம்பி தலைதெறிக்க ஓடி வந்தான். “உனக்கென்ன பைத்தியமா? ஊரே சிரிக்குது! என் மானமே போச்சு!”

“ஜனங்க உண்மையத்தான் நம்பறாங்கடா. உன் பேர்கூடப் போடலையே.”

அவன் முகம் செத்துப்போனது. “நான் எடுத்துடறேன். நீயும் எடுத்துடு.”

அவன் ஒரு பட்டனைத் தட்டினான். நான் அச்சுக்காரருக்குப் போன் போட்டேன். மதியத்துக்குள் பேனர் இறங்கியது. கிடங்கில் மெத்தைகள் மேல் தூசி படாமல் அதைப் போர்த்தினோம். அவன் படம் நாலு நாள் போன்களில் சுற்றிவிட்டு ஓய்ந்தது. சிரிப்பு சீக்கிரம் அலுத்துவிடும் போலிருக்கிறது.

என் அழுகை யாருக்கும் அலுக்கவில்லை. எவரெவரோ அவன் எழுதியதைத் தங்கள் பக்கத்தில் ஒட்டி, அழுகிற பொம்மை போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தர் பின்னணி இசையோடு வாசித்தே போட்டுவிட்டார். தம்பி ஒவ்வொருவரிடமும் எடுக்கச் சொல்லிக் கெஞ்சினான். நடக்கிற காரியமா? மகள் இப்போது என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். என் பக்கத்தில் படுப்பதும் இல்லை.

நேற்று வெளியூரிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். என்னைப் பார்த்ததுமே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உங்க கதைய படிச்சதுலேருந்து மனசே ஆறலம்மா. அதுல போட்டிருந்த ஸ்பிரிங் மெத்தை இருக்கா?”

தம்பி பில் போட எழுந்தான்.

“தரையில படுங்கம்மா,” என்றேன். “எங்க முதலாளி அப்படித்தான் படுக்கறார்.”